வெயில் ஊரில் பேட்டரியின் ஆயுள்

(விழுப்புரத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

லேப்டாப் பேட்டரி என்ற ஒரு சின்னப் பொருளுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதுமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அது சின்னப் பொருள்தான். ஆனால் நம் மாநிலத்தில் அதன் எண்ணிக்கை சின்னதல்ல. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக வாங்கி அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தவை ஐம்பது லட்சத்துக்கு மேல். இடையில் சில ஆண்டுகள் திட்டம் நின்றது. 2025 மார்ச் 14 அன்று வைத்த நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். ஒரு மாநில அரசு இத்தனை லட்சம் லித்தியம் பேட்டரிகளை வாங்கி, கத்திரி வெயில் அடிக்கும் ஊர்களின் வீடுகளுக்கு அனுப்புகிறது. அவை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது பொதுப்பணம் சார்ந்த கேள்வி. பொது மேடையில் பேசத் தகுந்த கேள்வி.

நம் பக்கத்தில் பேட்டரிக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. திட்டம் தொடங்கிய அதே ஆண்டின் டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதை அடுத்து வந்த 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத மாதங்கள் இருந்தன. முதல் தொகுதி மடிக்கணினிகள் மாணவர் கைக்கு வந்த காலம் அதுதான். கரண்ட் இருக்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றி, இல்லாத நேரத்தில் படிப்பது என்ற வழக்கம் அப்போது உருவானது. பேட்டரி போன மடிக்கணினி அந்த வீடுகளில் சுவரோடு கட்டிய கணினியாகிவிட்டது. கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த பாடமும் போனது. இன்று அந்த அளவு மின்வெட்டு இல்லை. ஆனால் 'சார்ஜ் நிற்கவில்லை', 'பேக்கப் வரவில்லை' என்ற புகார் மட்டும் அப்படியே இருக்கிறது. வாங்கும்போது நான்கு மணி நேரம் தாங்கிய பேட்டரி இரண்டாம் ஆண்டில் ஒரு மணி நேரத்துக்கு இறங்கிவிடுகிறது. பட்டப்படிப்போ மூன்று ஆண்டு. பொறியியல் என்றால் நான்கு. பேட்டரிக்கும் படிப்புக்கும் நடுவில் விழும் இந்த இடைவெளியை மூடலாம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. அதற்குப் பணம் வேண்டாம். பேட்டரியை நிறைத்து வைக்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

பேட்டரி எப்படிச் சாகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் இட்ட ஸ்டான்லி விட்டிங்காம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே நடப்பது எளிது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையை விட்டு நகர்ந்து கிராஃபைட் முனையின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன, பயன்படுத்தும்போது திரும்பிவருகின்றன. இந்தப் போக்குவரத்தில் எதுவும் தேயாது என்றால் பேட்டரிக்கு முடிவே இல்லை. ஆனால் கிராஃபைட்டின் மேற்பரப்பில் முதல் நாளே ஒரு மென்படலம் படிகிறது. அது இல்லாமல் பேட்டரி வேலை செய்யாது. அது தடித்துக்கொண்டே போனாலும் வேலை செய்யாது. படலம் தடிக்கத் தடிக்க, போய்வர வேண்டிய லித்தியத்தில் ஒரு பங்கு அதிலேயே சிக்கி நிரந்தரமாகத் தொலைகிறது. எதிர்முனையிலோ, மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது நடுவிலுள்ள கரைசல் மெல்லச் சிதைகிறது. ஒரு செல் நிறைந்த நிலையில் 4.2 வோல்ட்டில் நிற்கும். புதிய வகைகள் சிலவற்றில் அது 4.35, 4.4 வரைகூடப் போகிறது. நாணேற்றியே வைத்த வில் போல அது ஓயாத இழுவிசையில் இருக்கிறது. நீங்கள் மூடி வைத்துவிட்டுத் தூங்கினாலும் இந்தச் சிதைவு தூங்காது. இதைத் துரிதப்படுத்துபவை இரண்டு: சூடு, நிறைவு. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் விளைவு மிக மோசம்.

இதற்கு எண்கள் உண்டு. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனத்தை நிறுவிய இசிடோர் பூக்மன் பேட்டரிகளைப் பற்றி எழுதிய நூலிலும் கட்டுரைகளிலும் ஓர் அட்டவணை இருக்கிறது. பேட்டரித் தொழிலில் பலரும் எடுத்துக்காட்டுவது. லித்தியம் அயனி பேட்டரியைப் பயன்படுத்தாமல் ஓர் ஆண்டு வைத்திருந்தால் கொள்ளளவில் எவ்வளவு மிஞ்சும் என்று அது மதிப்பிடுகிறது. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரியானால் 40 சதவீத சார்ஜுக்கு 85 மிஞ்சும். முழு சார்ஜுக்கு 65. வெப்பம் 60 டிகிரியானால், முழு சார்ஜில் மூன்றே மாதத்தில் 60க்கு இறங்கிவிடும். இந்த எண்களை வரிசையாகப் படித்துவிட்டுப் போகாமல், இரண்டை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த அறையில், 25 டிகிரியில், நிறைந்து கிடந்த பேட்டரிக்கு 80. கொதிக்கும் அறையில், 40 டிகிரியில், பாதிக்கும் குறைவான சார்ஜில் கிடந்த பேட்டரிக்கு 85. அதாவது பெங்களூரில் ஏசி அறையில் எந்நேரமும் நூறு சதவீதத்தில் நிற்கும் லேப்டாப்பைவிட, திண்டிவனத்தில் ஷீட்டு வீட்டில் பாதி சார்ஜில் இருக்கும் லேப்டாப்பின் பேட்டரி நலமாக இருக்கும். என் வாதம் முழுவதும் இந்த ஒப்பீட்டில் நிற்கிறது. வெயில் நம் கையில் இல்லை, ஏசி நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. வெயில் இழைக்கும் சேதத்தை அதைக் கொண்டு பெருமளவு ஈடுகட்ட முடிகிறது.

அட்டவணையை அப்படியே நம்பிவிடலாமா என்று ஒரு வேதியியல் ஆசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. இவை மதிப்பீடுகள், கிடப்பில் வைத்த பேட்டரிக்கானவை, பழைய கோபால்ட் வகைகளை முன்வைத்தவை. இன்றைய செல்கள் இதைவிடத் தாங்கும். ஆகவே 65, 85 என்பதை உங்கள் லேப்டாப்பின் ஜாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்களுக்கு இடையிலுள்ள உறவு மட்டும் மாறவில்லை: சூடு ஏறினால் சேதம் ஏறும், நிறைவு ஏறினாலும் சேதம் ஏறும். பத்து டிகிரி கூடினால் வேதிவினை ஏறத்தாழ இரட்டை வேகத்தில் நடக்கும் என்ற பாடநூல் விதியும் இதற்கு ஒத்தே போகிறது. தயாரிப்பாளர்களின் நடத்தை இன்னொரு சாட்சி. பேட்டரி சீக்கிரம் போனால் அடுத்தது விற்கும். அப்படியிருந்தும் அவர்களே 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைக் கணினிக்குள் வைக்கிறார்கள். ஆப்பிள் 2023இல் ஐஃபோன் 15இல் அதே எல்லையை அமைப்பாகக் கொடுத்தது. மின்சாரக் கார் செய்பவர்கள், நிக்கல் கலந்த பேட்டரி உள்ள வண்டிக்கு, அன்றாட ஓட்டத்துக்கு 80 போதும், நீண்ட பயணத்துக்கு மட்டும் நூறு ஏற்றுங்கள் என்கிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வேறு வகை உண்டு. அதை அடிக்கடி நிறைக்கலாம், நிறைக்கவும் சொல்வார்கள். உங்கள் வீட்டு மின்சார ஸ்கூட்டரில் அது இருந்தால் அதற்கு விதி வேறு. நாம் அன்றாடம் காணும் லேப்டாப்பில் அது கிடையாது.

இவ்வளவு தெளிவாக இருந்தும் நம் வீடுகளில் எதிர்மாறான விதி ஏன் வேரூன்றியது? இரண்டு பழைய பேட்டரிகள் நமக்குத் தவறான பாடம் நடத்தின. ஒன்று நிக்கல் காட்மியம். 1899இல் ஸ்வீடனில் வால்டமார் யுங்னர் கண்டுபிடித்த அந்த வகை, தொண்ணூறுகளின் தொடக்கம் வரை கையடக்கக் கருவிகளில் கோலோச்சியது. அதை முழுக்கக் காலி செய்யாமல் அரைகுறையாக மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றினால் கொள்ளளவு குறைந்ததுபோல் நடந்துகொள்ளும். 'சுத்தமாக இறக்கிவிட்டு ஏற்று' என்ற அறிவுரை அங்கிருந்து வந்தது. பேட்டரி மாறி முப்பது ஆண்டு ஆகியும் அறிவுரை மாறவில்லை. இன்னொன்று நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் அந்த ஈய அமில வகை, எப்போதும் நிறைந்திருந்தால்தான் நன்றாக இருக்கும். குறைந்த சார்ஜில் போட்டுவைத்தால் தட்டுகளில் சல்பேட் உப்புப் படிந்து கெட்டுவிடும். 2012 மின்வெட்டுக் காலத்தில் நம் மாவட்டத்து வீடுகள் பேட்டரி பராமரிப்பைக் கற்றது இன்வெர்ட்டரிடம்தான். அதன் ஒழுக்கத்தை லேப்டாப்பின் மீது ஏற்றினோம். முதல் பழக்கம் காலி செய்யச் சொன்னது, இரண்டாவது நிறைத்து வைக்கச் சொன்னது. லித்தியத்துக்கு இரண்டுமே ஆகாது.

காலி செய்வது ஏன் ஆகாது என்பதற்கும் கணக்கு உண்டு. சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 முழுச் சுற்று தாங்கும் என்று கொள்ளலாம். நூறிலிருந்து பூஜ்யம் வரை இறக்கி ஏற்றினால் ஒரு சுற்று. நூறிலிருந்து ஐம்பதுக்கு இரண்டு முறை இறக்கி ஏற்றினாலும் ஒரு சுற்றுதான். தினமும் ஒரு முழுச் சுற்று ஓட்டும் மாணவருக்கு, 500ஐ எட்ட ஒன்றரை ஆண்டுகூட ஆகாது. இரண்டாம் ஆண்டின் நடுவில் புகார் தொடங்குவதன் காரணம் இதுவே. ஆழமாக இறக்காமல் மேலோட்டமாகப் பயன்படுத்தினால் சுற்றுகளின் எண்ணிக்கை நேர்விகிதத்தைவிட அதிகமாகக் கூடுகிறது என்பது அதே கேடெக்ஸ் தரவுகளில் தெரிகிறது. சார்ஜின் உச்ச மின்னழுத்தத்தை 0.1 வோல்ட் குறைத்தால் சுற்றுகள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்றும் அது சொல்கிறது. 80 சதவீதத்தில் நிறுத்துவது என்பது செல்லை 4.2இலிருந்து கிட்டத்தட்ட அந்த அளவு கீழே வைப்பதுதான். ஆக, மேலே ஒரு பங்கையும் கீழே ஒரு பங்கையும் தொடாமல் விடுவது, நடுப்பகுதியை வெகுநாள் ஆளக் கொடுக்கும் விலை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: 'எந்நேரமும் சார்ஜரில் போட்டு வைக்கிறேன், நூறு வந்ததும் அதுவே நிறுத்திக்கொள்கிறதே, ஓவர் சார்ஜ் ஆகாதே' என்பார்கள். உண்மை, ஓவர் சார்ஜ் ஆகாது. உள்ளிருக்கும் சுற்று அதைத் தடுத்துவிடும். ஆனால் தடுத்துவிட்டு எங்கே நிறுத்துகிறது? 4.2 வோல்ட்டில். எங்கே வைத்து? இயங்கிக்கொண்டிருக்கும் புராசஸர் பக்கத்தில், மே மாதத்து அறையில். ஓவர் சார்ஜுக்கு அஞ்சி வேறு சிலர், நூறு வந்ததும் சார்ஜரைப் பிடுங்கி, பத்துக்கு இறங்கும் வரை ஓட்டி, மறுபடி நூறுக்கு ஏற்றுகிறார்கள். முன்னவர் சூட்டாலும் நிறைவாலும் பேட்டரியைக் கெடுக்கிறார். பின்னவர் சுற்றுகளால் தேய்க்கிறார். சரியான வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: சார்ஜர் சொருகியே இருக்கலாம், ஆனால் எல்லை 80இல் இருக்க வேண்டும். அப்போது கணினி சுவர் மின்சாரத்தில் ஓடும், பேட்டரி ஓய்வில் இருக்கும், சுற்றும் ஓடாது, நிறைவும் இராது.

அந்த எல்லையை வைப்பது சில நிமிட வேலை. லெனோவோவில் 'வான்டேஜ்' என்ற செயலியில் 'கன்சர்வேஷன் மோட்' என்றிருக்கும். ஏசரில் அதன் 'கேர் சென்டர்' அல்லது புதியவற்றில் 'ஏசர் சென்ஸ்' செயலியில் பேட்டரி எல்லை என்று இருக்கும். ஆசுஸில் 'மை ஆசுஸ்'. எச்.பி. வணிகவகைக் கணினிகளில் பயாஸுக்குள் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்'. டெல்லில் பயாஸிலும் அதன் பவர் செயலியிலும் எந்தச் சதவீதத்தில் தொடங்கி எதில் நிறுத்த வேண்டும் என்று எண்ணாகவே கொடுக்கலாம். எல்லா மாடலிலும் இந்த வசதி இல்லை. பழைய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் இராது. அவற்றை வைத்திருப்பவர்கள் மணி பார்த்து 80இல் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கல்லூரிப் படிப்பே ஒரு வேலை. அதற்கு மேல் பேட்டரிக்குக் காவல் காப்பது இன்னொரு வேலையாகக் கூடாது. இரவு முழுக்கச் சொருகி வைப்பதை மட்டும் விட்டால் போதும். விண்டோஸே ஒரு பேட்டரி அறிக்கை தரும். அதில் தொழிற்சாலைக் கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை அதைப் பார்த்தால் உண்மை தெரியும். எப்போதாவது ஒரு முறை முழுக்க இறக்கி ஏற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. அது சதவீதம் காட்டும் அளவியைச் சரிசெய்ய மட்டுமே. செல்லுக்கு அதனால் ஆரோக்கியம் கூடுவதில்லை.

அடுத்த மறுப்பு வலுவானது. நம் ஊருக்கே உரியது. 'எப்போது கரண்ட் போகும் என்று தெரியாத ஊரில் 20 சதவீதத்தை நானே விட்டுக்கொடுப்பதா?' 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் கரைமீறி ஓடியது. மாவட்டத்தில் பல இடங்களில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட இரவில் நூறு சதவீதம் நிச்சயம் வேண்டும். ஆனால் புயல் சொல்லிவிட்டு வருகிறது. வானிலை மையம் எச்சரிக்கை விடுத்த அன்று எல்லையை நீக்கி நூறுக்கு ஏற்றுங்கள். தேர்வுக்கு முந்திய நாள் ஏற்றுங்கள். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எழும்பூருக்கு, சொருகுமிடம் இல்லாத பாசஞ்சரில் போகிற அன்று ஏற்றுங்கள். ஒரு நாள் நிறைவு பேட்டரியைக் கொல்லாது. ஆண்டு முழுவதும் நிறைவுதான் கொல்லும். மற்ற நாள்களுக்குக் கணக்கு போடுங்கள். 40 வாட்-மணி பேட்டரியில் 80 சதவீதம் என்றால் 32 வாட்-மணி. எழுதுவது, படிப்பது போன்ற வேலைக்கு 8 முதல் 10 வாட் செலவாகும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். வழக்கமான மின்தடைக்கு இது தாராளம். எல்லை வைக்காமல் நிறைத்தே வைத்திருந்தவருக்கு இரண்டாம் ஆண்டில் கொள்ளளவே 24 வாட்-மணிக்கு இறங்கியிருந்தால், அவருடைய நூறு உங்களுடைய எண்பதைவிடச் சிறியது. தன் கையால் விட்டுக்கொடுத்த 20 சதவீதத்தை வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வெயில் எடுத்துக்கொண்டது திரும்பாது.

'போனால் வேறு பேட்டரி வாங்கிப் போட்டால் போகிறது' என்பவர்களும் உண்டு. பத்து ஆண்டுக்கு முன் இது ஓரளவு பொருந்தியது. தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இன்றைய மெல்லிய லேப்டாப்பில் அது உள்ளே, திருகுகளுக்கும் சில மாடல்களில் பசைக்கும் அடியில் இருக்கிறது. அரசு ஒரே மாடலை லட்சக்கணக்கில் வாங்கியது. சில ஆண்டுகளில் அந்த மாடல் நின்றுபோனால் அசல் பேட்டரியும் நின்றுபோகும். பிறகு சென்னை ரிச்சி தெருவில் 'கம்பேட்டிபிள்' என்ற பெயரில் கிடைப்பதுதான் கதி. அவற்றில் நல்லதும் உண்டு, உள்ளே பழைய செல்லை வைத்துப் புது உறை போட்டதும் உண்டு. வாங்குபவர் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும். அதே நிபந்தனையை நம் அரசு தன் டெண்டரில் எழுதலாம். இத்தனை லட்சம் வாங்குபவர் கேட்டால் எந்த நிறுவனமும் மறுக்காது. நம் நாட்டில் 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. அதனால் உப்பிப்போன பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள், குத்திப் பார்க்கவும் வேண்டாம், அது தீப்பிடிக்கும். சேவை மையத்தில் ஒப்படையுங்கள்.

சூட்டைப் பற்றியும் நம் கைக்கு எட்டியதைச் செய்யலாம். மே மாதத்தில் இங்கே வெளியில் 40 டிகிரி என்பது செய்தியே அல்ல; ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் அதைவிடக் கூடும். அந்த அறையில் மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் அடிப்பக்கக் காற்றுத்துளைகள் அடைபட்டு, பேட்டரி இன்னும் பல டிகிரி கூடுதலாகக் காய்கிறது. ஒரு பலகை போதும். பெரிய தடிப் புத்தகம்கூடப் போதும். கனமான வேலையைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஏற்றுவதையும் உச்சிவெயில் நேரத்தில் தவிர்க்கலாம். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் ஒரு சார்ஜில் கிடைக்கும் நேரமும் கூடும், சூடும் குறையும். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 60 டிகிரியை நெருங்கலாம். அங்கே லேப்டாப்பை விட்டுவிட்டுத் துணிக்கடைக்குள் போவது அட்டவணையின் கடைசி வரியைச் சோதித்துப் பார்ப்பதற்குச் சமம். கோடை விடுமுறையில் ஒரு மாதம் தொடப்போவதில்லை என்றால், ஐம்பதை ஒட்டிய சார்ஜில் அணைத்து, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். காலியாக வைத்தால் அதுவும் ஆபத்து: தானாகக் கசிந்து மின்னழுத்தம் மிகவும் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று பேட்டரியை மூடிவிடும், பிறகு சார்ஜரைக் காட்டினாலும் கண் திறக்காது.

'மூன்று ஆண்டில் கணினியே பழசாகிவிடும், பேட்டரியை மட்டும் காப்பாற்றி என்ன பயன்' என்ற மறுப்பையும் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் புதியதை வாங்குபவருக்கு அது சரி. இங்கே அக்காவின் லேப்டாப் தம்பிக்குப் போகிறது. அவனுக்குப் பிறகு வீட்டின் கணக்குக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் போகிறது. நினைவகத்தைக் கூட்டலாம், எஸ்.எஸ்.டி. போடலாம், லினக்ஸ் ஏற்றலாம். பத்து ஆண்டுப் பழைய இயந்திரம் எழுதவும் படிக்கவும் இன்றும் போதும். அதை முதலில் முடக்குவது பேட்டரிதான்.

ஆனாலும் இந்தப் பொறுப்பு முழுவதையும் மாணவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. விழா மேடையில் கணினியைப் பெற்றுக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, பயாஸுக்குள் நுழைந்து ஓர் எல்லையை மாற்றச் சொல்லிக்கொடுப்பவர் யார்? தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எல்லை 80இல் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. வேண்டுபவர் நூறுக்கு மாற்றிக்கொள்ளட்டும். அதற்கு அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை, டெண்டரில் ஒரு வரி போதும். சேமக் கிடங்கில் மாதக்கணக்கில் காத்திருக்கும் பெட்டிகளும் பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் காத்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. பேட்டரியைப் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் எல்காட் தன் அடுத்த டெண்டரில் சேர்க்க வேண்டும். அதுவரை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள கல்லூரிகளின் கணினித் துறைகள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, மாணவர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு கணினியிலும் எல்லையை 80இல் வைத்துக் கொடுக்கட்டும். இந்த அரங்கில் கணினி வைத்திருப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், இன்றிரவே வைத்துவிடுங்கள்.